கம்ப்ரசர் ஓடும்போது பாடியவள்

என் மனைவி ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் மின்விசிறியை நிறுத்துவாள். அது முனகுகிறதாம். என் காதுக்கு ஒன்றும் கேட்காது. விருந்துக்குப் போன வீட்டில் சுவருக்குச் சுவர் கைதட்டிப் பார்த்து, "இந்த ரூம்ல டிரம்ஸ் வெச்சா பிரமாதமா இருக்கும்" என்று சொல்லி, வீட்டுக்காரர்களைத் திருதிருவென்று விழிக்க வைத்தவள்.

அவள் ஒரு பத்திரிகை நடத்துகிறாள். பெரிய ஸ்டுடியோவுக்குப் போக வழியில்லாமல், படுக்கையறையிலும் மாடிப்படியிலும் தாங்களே பாட்டைப் பதிவு செய்கிறவர்களுக்கான பத்திரிகை. அலமாரித் துணிகளுக்கு நடுவே மைக்கை வைத்துப் பாடுவது எப்படி, குளியலறை எதிரொலியை கிடாருக்குப் பயன்படுத்துவது எப்படி என்றெல்லாம் வரும். எழுதுவதும் படம் எடுப்பதும் அவள். பிழை திருத்துவது நான். கடைசிப் பக்கத்தில், வாசகர்கள் அனுப்பும் பதிவுகளுக்கு விமர்சனம் எழுதுவாள். அந்தப் பக்கம் என்றால் எல்லோருக்கும் உதறல்தான். ஆனாலும் அனுப்புவார்கள்.

அனுப்பாமல் இருந்தவள் என் மச்சினி. நல்ல குரல் அவளுக்கு. பத்திரிகை தொடங்கிய புதிதில் அக்காள்காரி அவளைக் கம்பளி தொங்கவிட்ட அறைக்குள் நிறுத்திப் பாட வைத்தாள். "இன்னொரு தடவை", "மூச்சு கேக்குது, இன்னொரு தடவை" என்றே பொழுது சாய்ந்தது. கடைசியில் மச்சினி ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். "நான் பாடுறேனா, பரீட்சை எழுதுறேனா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதன் பிறகும் வந்தாள், சிரித்தாள், சண்டை போட்டாள். பாட்டுப் பேச்சை மட்டும் இருவருமே எடுத்ததில்லை.

போன மழைக்காலத்தில் அவளிடமிருந்து ஒரு பதிவு வந்தது. அவளே எழுதிய பாட்டு. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள்; மதிய இடைவேளையில் அங்கிருந்த எக்ஸ்ரே அறைக்குள் நின்று போனிலேயே பதிவு செய்திருந்தாள். கூடவே ஒரு வரி: 'மத்தவங்களுக்கு எழுதுற மாதிரியே எழுது.'

மனைவி அதைப் போட்டுக் கேட்டாள். இரண்டாவது சரணத்தில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். உடனே போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்து, அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே பேசினாள்.

"அது என்ன சத்தம்?"

"பல்லு மெஷினுக்குக் காத்து குடுக்குற கம்ப்ரசர். தானா ஓடும், தானா நிக்கும்."

"நிக்கிற வரைக்கும் பொறுத்துப் பாடியிருக்கலாம்ல?"

"அக்கா, நீ பாட்டைக் கேட்டியா, கம்ப்ரசரைக் கேட்டியா?" என்றாள் தங்கை. போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விமர்சனத்தை எழுதினாள், அழித்தாள். காய்ந்த துணிகளை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். பிறகு கணினி முன் உட்கார்ந்து, "சத்தத்த எடுத்துக் குடுத்துட்டா அவளே சந்தோஷப்படுவா" என்று அந்த 'டர்ர்ர்'ரைச் சுரண்டத் தொடங்கினாள். சுவடே இல்லாமல் போயிற்று. என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். "ஆனா இந்த இடத்துல மட்டும் ஏன் திடீர்னு கத்துறா?"

அவள் முகம் மாறியது. கைவைக்காத பதிவை மறுபடி ஓடவிட்டாள். கம்ப்ரசர் கிளம்பியதும் மச்சினி நிறுத்தவில்லை. அதற்கு மேலே கேட்கட்டும் என்று குரலை ஏற்றியிருந்தாள். அதுவரை யாருக்காவது கேட்டுவிடுமோ என்று ஒடுங்கிப் பாடியவள், அங்கேதான் தொண்டையைத் திறந்திருந்தாள்.

"மூச்சு கேக்குதுன்னு சொல்லித்தானே அவள வெரட்டுனேன்," என்றாள் மனைவி. சுரண்டிய பதிவை அழித்தாள்.

விமர்சனம் வந்தது. இரண்டாவது சரணத்தைக் கேட்டுத் தான் எழுந்து நின்றுவிட்டதாக எழுதியிருந்தாள். அதோடு விட்டாளா? போனை வாய்க்கு மிக அருகில் பிடித்ததால் 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கிறது என்றும் எழுதியிருந்தாள். அதையாவது எடுத்துவிடேன் என்றேன். "மத்தவங்களுக்கு எழுதுற மாதிரிதானே கேட்டா?" என்று மறுத்துவிட்டாள்.

இதழ் போய்ச் சேர்ந்த அன்றே மச்சினி பேசினாள். "வெடிக்குதாமே? வந்து சரி பண்ணிக் குடு. அடுத்த பாட்டு ரெடி."

மறுநாள் மதியம் மைக்கோடு போனோம். ஸ்டாண்டு என் தோளில். எக்ஸ்ரே அறையில் மனைவி மைக்கை நிறுத்தினாள், நகர்த்தினாள், திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். நாற்காலியைத் தூக்கப் போனாள்.

"அக்கா, நீ உள்ள இருந்தா எனக்குப் பாட வராது. வெளிய உக்காரு. அத்தான் பட்டன அமுக்கட்டும்."

கதவைச் சாத்தப் போனவன் திரும்பிப் பார்த்தேன். டாக்டருக்காகக் காத்திருந்தவர்கள் நடுவே மனைவி உட்கார்ந்தாள், எழுந்தாள், கன்னத்தில் கைவைத்தபடி மறுபடி உட்கார்ந்தாள். பக்கத்தில் தாடை வீங்கிய பெரியவர் ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார். "நீ வேணா எனக்கு முன்னாடி போ."