முதல் தோலிலிருந்து

நான்காக மடித்த ஒரு தாள் என் மேசை இழுப்பறையில் பதினாறு வருடமாக இருக்கிறது. அதில் பதினொரு கோடுகள். பத்து கோடுகள் அரிசி நீளம். ஒன்று மட்டும் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அதன் அருகே இருப்பது நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் ஒரு பகுதியின் பெயர். அச்சிட்டுக் கொடுத்தவர் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் மேடம்.

அப்போது ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். அளந்து முடித்த ஒவ்வொரு தோலுக்கும் என் நிரல்தான் எண் போட்டுச் சீட்டு அச்சிடும். காலையில் சட்டென்று வரும் சீட்டு, இரண்டாயிரம் தோலைத் தாண்டியதும் ஒன்பது விநாடி எடுத்தது. காரணம் கேட்ட மேனேஜர் பாயிடம் கம்ப்யூட்டர் பழசு என்றேன். எனக்கே தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன். அவர் முதலாளியிடம் மன்றாடிப் புதியது வாங்கினார். அதிலும் எட்டு விநாடி. “இன்னா சார், பொட்டி புதுசு, ஓட்டம் பழசாவே கீதே?” என்றார்.

மேடத்தை வரவழைத்ததும் பாய்தான். நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று அளக்கும் புரொஃபைலர் என்ற மென்பொருளை மேடம் கொண்டுவந்திருந்தார். அது நாற்பது நிமிடம் ஓடியது. அப்போது எனக்கு வயது ஐம்பத்தைந்து. மனிதரிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அதனிடம் என்ன சொல்வது? வெளியே கன்டெய்னர் லாரி சரக்குக்காகக் காத்திருந்தது. டிரைவர் அடித்த ஹாரனை எண்ணினேன். பதினான்கு.

மேடம் திரையிலிருந்து திரும்பினார். “சார், ஒவ்வொரு தோல் வர்றப்பவும் முதல் தோல்லேர்ந்து மறுபடி எண்ணிப் பாக்குதே, ஏன்?”

“ஒண்ணு விட்டுப் போயிடுமோன்னு பயம்மா.”

“எப்பவாவது விட்டுப் போச்சா?”

“இல்லம்மா.”

நூறு விநாடியில் தொண்ணூற்றுமூன்று அந்தப் பயத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நிரலை எழுதிய புதிதில் நான் ஐம்பது தோலை மட்டும் வைத்துச் சோதித்தபோது அது வெளியே தெரியவில்லை.

பாய் உள்ளே வந்தார். “எது மேடம் பேஜார் பண்றது?” மேடம் ஒவ்வொரு பகுதி தின்ற நேரத்தையும் ஒரு கோடாக்கித் தாளில் அச்சிட்டார். தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “சார் சொல்வாரு” என்றார்.

தாளைப் பிரித்து நீளக் கோட்டைக் காட்டினேன். “நான் எழுதினதுதான் பாய். கம்ப்யூட்டர் மேல தப்பில்ல.”

அவர் புதுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேலை போனது என்றே நினைத்தேன். “இனிமே ஜாஸ்தி எண்ணாதீங்க சார். லாரி நிக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் ஒரே வரியைத் திருத்தினார். சீட்டுகள் சடசடவென்று விழுந்தன.

போன வாரம் வேலூரில் ஒரு டாக்டர் என் நெஞ்சில் ஐந்து கம்பிகளை ஒட்டி, ஒரு சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டி அனுப்பினார். ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யுமாம். முடிவு உறையில் வந்து மூன்று நாள் ஆகிறது. “பிரிச்சுத்தான் பாருங்களேன்” என்கிறாள் மனைவி. அந்தத் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்து உறைக்குப் பக்கத்தில் வைத்தேன். இதையும் யாராவது மடித்து என் கையில் கொடுத்து, சார் சொல்வாரு என்று சொன்னால் தேவலை. உறையைத் தொடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து நாடியை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.