குலுக்காத போத்தல்

தம்பிக்கு வயிற்றோட்டம் கண்ட அதே வாரத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் தண்ணீர் வாளியைச் சுற்றிக் காட்டினார். இரண்டும் வெவ்வேறு வாரங்களில் நடந்திருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

ரத்தோட்டைப் பக்கத்தில், ரப்பரும் கொக்கோவும் கலந்து நின்ற ஒரு தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்களில் ஒன்றில், நாங்கள் இருந்தோம். அறுபதுகளின் நடுப்பகுதி. நான் நாலாம் வகுப்பு. டீச்சர் மாத்தளை டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து, சேலைக் கரையைக் கையில் பிடித்தபடி மேடேறி வருவார். அன்று அரை வாளி தண்ணீரைத் தூக்கித் தலைக்கு மேலாக மூன்று சுற்றுச் சுற்றினார். வாளி தலைகீழாகப் போனபோதும் ஒரு சொட்டு விழவில்லை. முன்வரிசையில் இருந்த நாங்கள் தலையைப் பொத்திக்கொண்டதுதான் மிச்சம். பிறகு கிளாஸ் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கி, "உப்பு எங்க போச்சு?" என்று கேட்டார். வரிசையாக வந்து விரலால் தொட்டு நக்கினோம். கரைந்த பொருள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு சொட்டிலும் இருக்கும் என்றார். வீடு போய்ச் சேரும்வரை அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

வீட்டில் தம்பி துவண்டு கிடந்தான். அவனுக்கு ஒன்றரை வயது. அப்பா நாவுலப் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தார். அம்மா வேலைக்குப் போகாமல் அவனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு வெறும் போத்தலைக் கையில் கொடுத்து, "ஓடிப்போய் டாக்டர் ஐயாகிட்ட மருந்து வாங்கிட்டு வா புள்ள" என்றாள்.

டாக்டர் ஐயா என்று நாங்கள் சொன்னது தோட்டத்தில் மருந்து கலந்து கொடுப்பவரை. அவர் பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தைப் போத்தலில் ஊற்றி, தக்கையை இறுக்கி, அச்சடித்த தாள் ஒன்றை ஒட்டினார். "மூணு வேளை, ஒவ்வொரு கரண்டி. மத்ததெல்லாம் பேப்பர்ல இருக்கு" என்றார். பேப்பர் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் லயத்தில் அதை வாசிக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை.

திரும்பும் வழியில் ரப்பர் மரங்களுக்கிடையே ஆளரவம் இல்லை. போத்தல் துணிப்பைக்குள் இருந்தது. வாளிக்கு நடந்தது போத்தலுக்கும் நடக்குமா என்ற யோசனை எனக்கு வந்தது. ஒரு சுற்று சுற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. பை மணிக்கட்டை வெளியே இழுத்தது, அதுவே ஒரு சந்தோஷமாக இருந்தது. கை வலிக்கும் வரை சுற்றினேன். கொஞ்சம் நடந்து, மறுபடியும் சுற்றினேன். ஓடைத் தண்ணீர் பீலி வழியாக விழுகிற இடத்தில் நின்று, சிந்தியிருக்கிறதா என்று போத்தலை வெளியே எடுத்துப் பார்த்தேன்.

சிந்தவில்லை. ஆனால் பால் மாதிரி இருந்த மருந்தைக் காணவில்லை. மேலே கலங்கல் தண்ணீர், அடியில் வெள்ளைச் சேறு.

மருந்தை நான் கெடுத்துவிட்டேன். சுற்றிக் கெடுத்ததை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றியது. அப்படியும் செய்தேன். மேலே இருந்தது இன்னும் தெளிந்துபோயிற்று. அதற்குமேல் அதை அசைக்கவே பயமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எரிகிற விளக்கைக் கொண்டுபோவதைப்போல அடிமேல் அடி வைத்து வீட்டுக்கு வந்தேன்.

அம்மா போத்தலை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "என்னடி இது, தண்ணியாட்டம் இருக்கு? போன மொற வெள்ளையால்ல குடுத்தாரு?"

"கரைஞ்சிருச்சும்மா" என்றேன். "கரைஞ்சா கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒவ்வொரு சொட்டுலயும் இருக்கும். டீச்சர் சொன்னாங்க."

அம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தாள். "அப்ப அடியில கெடக்கிறது?"

"அது கசடு. போத்தல ஆட்டவே கூடாதாம்."

இந்தக் கடைசிப் பொய்யை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தானாகவே வந்தது. அம்மா அதை அப்படியே நம்பி, போத்தலை மெல்லச் சரித்து, அடியிலிருந்தது கலங்காமல் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தாள். நான் கரண்டியைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தம்பியின் கண்கள் உள்ளே போயிருந்தன. வாயைத் திறந்து அழுதான். சத்தமும் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. அம்மா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அவன் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். "நீ நின்னு என்ன செய்யப்போற? பள்ளிக்கூடம் போ" என்றாள்.

அன்றைக்கு டீச்சர் கிளாஸ் தண்ணீரில் சுண்ணாம்புக்கட்டித் தூளைப் போட்டுக் கலக்கினார். தண்ணீர் வெள்ளையாயிற்று. அதை மேசையில் வைத்துவிட்டு எங்களுக்குக் கணக்குக் கொடுத்தார். நான் கணக்கைப் பார்க்கவில்லை, கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. மேலே தண்ணீர் தெளிந்து வந்தது.

"பாத்தீங்களா, இது கரையல. சும்மா கலந்து நின்னுச்சு, அவ்வளவுதான். இப்ப மேல இருக்கிறதுல ஒன்னுமே இல்ல" என்றார் டீச்சர்.

ஒன்றுமே இல்லை என்ற சொல்லோடு நான் எழுந்து ஓடினேன். டீச்சர் பின்னால் கூப்பிட்டது கேட்டது. சிலேட்டைக்கூட எடுக்கவில்லை.

எங்கள் காம்பராக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா, "அம்மா தம்பியத் தூக்கிக்கிட்டு டாக்டர் ஐயாகிட்ட போயிருச்சு" என்றாள்.

"தம்பி அழுதானாக்கா?"

"இல்ல புள்ள. சத்தமே இல்ல."

அந்த அரை மைலை எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. மருந்துச்சாலை வாசலை அடைந்தபோது தம்பியை மேசையில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் ஐயா அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, அம்மா கொண்டுவந்திருந்த போத்தலைத் தூக்கினார்.

"இத எப்படிக் குடுத்த?"

"ஆட்டாம, மேலால ஊத்திக் குடுத்தேங்க ஐயா."

"ஆட்டாமலா? குலுக்கிக் குடுக்கணும்னு இதுல எழுதியிருக்கே! ஒங்களுக்கு மருந்து குடுக்கிறதும் ஒன்னுதான், ஓடையில ஊத்துறதும் ஒன்னுதான். ஒரு மண்ணும் தெரியாத சனம்!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் கதவு நிலைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா தலையைக் குனிந்து, "தெரியாமச் செஞ்சுட்டேங்க ஐயா" என்றாள்.

அவர் போத்தலை நாலைந்து தரம் பலமாகக் குலுக்கினார். மருந்து மறுபடியும் பாலாக வெளுத்தது. கெட்டுப்போயிற்று என்று ஒரு நாள் முழுக்க நான் பயந்து செத்த மருந்து அது. படியில் உட்கார்ந்து அழுதேன்.

வேறென்ன கொடுத்தாய் என்று ஐயா கேட்டார். உப்புக் கஞ்சித் தண்ணீர் விடாமல் கொடுத்ததாக அம்மா சொன்னாள். "அத நிறுத்தாத" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில். பின்னேரம்வரை எங்களை அங்கேயே இருக்க வைத்தார். நாலு மணிபோல தம்பி வீரிட்டு அழுதான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அம்மா அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனைப் பிழைக்க வைத்தது அந்த வெள்ளை மருந்தைவிடக் கஞ்சித் தண்ணீர்தான் என்பதைப் பல வருடம் கழித்து ஒரு நர்ஸ் எனக்கு விளக்கினாள். அதற்குள் அம்மா இறந்துபோயிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன், பையைச் சுற்றியது உட்பட. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. அவள் தம்பியைப் பாயில் கிடத்திவிட்டு, "சுத்துனா ஏன் அடியில போய் ஒட்டுது? உப்பு மட்டும் ஏன் அப்படிப் போகல? நாளைக்கு டீச்சர்கிட்ட நல்லாக் கேட்டுட்டு வா" என்றாள்.

இது அடியைவிடப் பெரிய தண்டனை என்று நினைத்தேன். மறுநாள், பாதிப் பாடத்தில் ஓடிப்போனதற்கு டீச்சரிடம் ஏச்சு வாங்கியதே போதுமாக இருந்தது. வேறெதையும் நான் கேட்கவில்லை. சாயங்காலம் அம்மா அடுப்படியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"டீச்சர் இன்னைக்கு வரல."

அடுத்த நாளும் கேட்டாள். அன்றும் ஏதோ ஒரு பொய் சொன்னேன். "சரி" என்று எழுந்துபோனாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. விட்டுவிட்டாள் என்று எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாவுக்கு உண்மையிலேயே அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.