ஜவ்வரிசியால் வந்த கண்ணேறு

காலையில் செவிலிமேட்டு மளிகைக் கடையில் பேரப்பிள்ளைகளுக்கு வடாம் போட ஜவ்வரிசி கேட்டேன்.

"மரவள்ளி சிப்ஸ் வந்திருக்குதும்மா, போடட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம்பா. அந்தக் கிழங்கு எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஒத்துக்காது. துன்னா வாந்திதான்."

"ஜவ்வரிசியே அந்தக் கிழங்குல பண்றதுதானம்மா."

அங்கிருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

1972. கல்யாணமாகி மூன்றாம் மாதம். மாமியார் வைத்த ஜவ்வரிசிப் பாயசத்தைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தேன்.

"மருமவ வாந்தி எடுத்துக்கினு இருக்குது, நல்ல சேதிதான்" என்றார் மாமியார். சேதி பரவி, எங்கள் நெசவாளர் தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா ஓடிவந்து என் கன்னத்தைக் கிள்ளினார்.

அந்தச் சந்தோஷத்தில் மாமியார் இன்னொரு டம்ளர் பாயசம் கொடுத்தார். மறுபடியும் வாந்தி. "பாத்தியா, சந்தேகமே இல்ல."

பத்து நாளில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. "சரோஜா கண்ணு பட்டுத்தான் கலைஞ்சிடுச்சி" என்ற மாமியார் சாகும்வரை அந்த அக்காவோடு பேசவில்லை. என்னையும் பேசவிடவில்லை. பாயசம் எனக்கு ராசியில்லை என்று நானும் அதை விட்டுவிட்டேன்.

சரோஜா அக்கா இப்போது ஓரிக்கையில் மகளோடு இருக்கிறார். நாளைக்குப் போய்ப் பார்க்கப்போகிறேன். கையில் என்ன கொண்டுபோகலாம், சொல்லுங்கள்.

பாயசம் மட்டும் வேண்டாம்.