பக்கத்து வீட்டுப் பாய்

அடையாற்றங்கரையில் எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது வேலி போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஆறு இல்லை, சிரங்கு. சிரிக்காதீர்கள்.

நான் ஒன்பதாவது படித்தபோது எனக்கும் அம்மாவுக்கும் ராத்திரியானால் அரிப்பு பிடுங்கித் தின்றது. அம்மா மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அந்த வீட்டு மாமி பார்த்துவிட்டார்.

"சொறிஞ்சுண்டே பாத்திரத்தைத் தொடறியே! பதினஞ்சு நாள்ல குணமாயிட்டு வா. இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

எங்கள் வீட்டில் சம்பாதித்தது அம்மா ஒருத்திதான்.

டாக்டரம்மா என் விரலிடுக்கை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "சிரங்குதான். தோலுக்குள்ள பூச்சி இருக்கு. ராத்திரி கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் இந்த க்ரீமைப் பூசிக் காலையில குளிங்க. கூடப் படுக்கிறவங்க எல்லாரும், அரிக்காட்டியும், ஒரே நாள்ல பூசணும். வேற யாராவது உண்டா?"

"நாங்க ரெண்டு பேருதாம்மா," என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன்.

பக்கத்து வீட்டு அத்தையோடு அம்மாவுக்குப் பேச்சில்லை. என்ன சண்டையென்று இருவருக்குமே மறந்திருக்கும். ஆனால் அத்தை வீட்டில் டி.வி. இருந்தது. அம்மா வருவதற்குள் தினமும் அங்கே போய், அத்தையின் பாயில் அவளோடு ஒரே போர்வைக்குள் படுத்து சீரியல் பார்ப்பேன்.

நாங்கள் இருவரும் க்ரீம் பூசிய பத்தே நாளில் புதிதாகப் பொரிப்பொரியாகக் கிளம்பியது. "டூப்ளிகேட் மருந்தை குட்து ஏமாத்திட்டாங்க," என்று அம்மா திட்டினாள். டாக்டரம்மா மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். மாமி கொடுத்த கெடுவில் ஐந்து நாள்தான் மிச்சம். அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா மூன்று பேருக்கு மருந்து எழுதினார். பூசிக் குளித்தபின் வேலைக்குப் போகலாம் என்று ஒரு சீட்டும் கொடுத்தார்.

அடி விழுமென்று பயந்தேன். அம்மா நேராக அத்தை வீட்டுக் கதவைத் தட்டினாள். அத்தையின் கை முழங்கை வரை சொறிந்து சிவந்திருந்தது.

"இன்னாடி இது? சொல்லக் கூடாதா?"

"நீதான் மூஞ்ச திருப்பிக்கினு போற. உன்னாண்ட எப்டி சொல்றது?"

அம்மா அவளைத் திருப்பி உட்காரவைத்து, கை எட்டாத முதுகில் பூசினாள். பிறகு அத்தை அம்மாவுக்குப் பூசினாள். கூச்சத்தில் இருவரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. ஆற்றங்கரையிலிருந்து எங்களைக் கிளப்பிவிட்டார்கள்; இப்போது ஊருக்கு வெளியே அரசுக் குடியிருப்பில் ஆளுக்கொரு பிளாக்கில் இருக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு நான் ஏங்குகிறேன்.

அம்மா வேலைக்குத் திரும்பிய அன்று விடியற்காலையில் தண்ணீர் லாரி வந்தது. வரிசையின் கடைசியில் இருந்த அம்மாவின் குடத்தை அத்தை தூக்கிவந்து தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள்.

"அது வேலைக்குப் போவணும். மொதல்ல அதுக்கு வுடுங்க."