வளையத்துக்குப் பொட்டு வைத்த மாமா

எங்கள் ஊர் கூடைப்பந்துக் கழகத்தை எங்கள் ஊரில் வைத்து எந்த வெளியூர்க்காரரும் ஜெயித்ததில்லை. எங்கள் ஆட்கள் வெளியூருக்குப் போய் ஜெயித்ததும் இல்லை. என் சிறுவயதில் கழகத்தின் மொத்த வரலாறே இந்த இரண்டு வரிதான். முதல் வரியை ஊரே சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகும். இரண்டாவது வரியை யாரும் மறந்தும் வாயில் எடுக்கமாட்டார்கள்.

திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பெரிய வீட்டு ஐயா ஒருவர் சென்னையில் படித்த காலத்தில் இந்த விளையாட்டைப் பார்த்து மயங்கியிருக்கிறார். ஊர் திரும்பியதும் தன் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பொட்டலைச் சமன் செய்து, இரண்டு கம்பம் நட்டு, பலகையும் வளையமும் மாட்டிக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டாலும், கழகத்தில் எதைப்பற்றிக் கேட்டாலும் "ஐயா வச்சது" என்றுதான் பதில் வரும். ஆண்கள் மட்டும்தான் ஆடலாம் என்பதும் ஐயா வைத்ததுதான். ஆனால் மைதானத்தை ஒட்டியே எங்கள் கொல்லைச் சுவர் இருந்தது, சுவரை ஒட்டி ஒரு கொய்யா மரமும் இருந்தது. அதில் ஏறி உட்கார எந்த ஐயாவும் தடை வைக்கவில்லை.

ஆட வருகிற வெளியூர்க்காரர்கள் தோற்ற பிறகு, "உங்க ரிங்கு ஒசரமா இருக்குங்க" என்று முனகுவார்கள். "ஆட மாட்டாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று எங்கள் ஆட்கள் சிரித்து அனுப்பிவிடுவார்கள். வெளியூரில் நாங்கள் தோற்றதற்கோ தண்ணீர் ஒத்துக்கொள்ளாதது, புரோட்டா, கண்ணேறு என்று காரணங்களுக்குப் பஞ்சமே இருக்காது. கழகச் செயலாளரான என் பெரியப்பா ஒரே போடாகப் போடுவார். "நம்ம மண்ணுல அய்யனாரு நிக்கிறாரு. அவரு பஸ் ஏறி அறந்தாங்கிக்கெல்லாம் வருவாரா?"

என் மாமா, அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டோடு இருந்தவர், கழகத்து ஆட்டக்காரர், மினி பஸ் டிரைவர். அவர் உயரத்துக்கு அந்த பஸ்ஸில் கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டுதான் உட்கார முடியும். ஆனால் மாட்டுப் பொங்கல் அன்று அவரைப் பார்க்கவேண்டும். மாடுகளுக்குப் பொட்டு வைத்த கையோடு வளையத்துக்கும் சந்தனப் பொட்டு வைப்பது எங்கள் ஊர் வழக்கம். ஐயா காலத்தில் ஏணி போட்டுத்தான் வைத்தார்கள். ஏணி இல்லாமல் வைத்த ஒரே ஆள் என் மாமாதான்.

மூன்று விரல்களில் சந்தனத்தைத் தோய்த்துக்கொண்டு நடுக்கோட்டில் நிற்பார். ஊர் முழுக்க வாயை மூடிக்கொள்ளும். ஓடி வருவார், மண் ஒருமுறை அதிரும். அப்புறம் அந்த நெடிய உடம்பு மேலே போகும், போய்க்கொண்டே இருக்கும். இத்தோடு சரி, இனி இறங்கவேண்டியதுதான் என்று நாம் நினைக்கிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் போகும். அவர் இறங்கிய பிறகு பார்த்தால் வளையத்தின் அடியில் ஈரச் சந்தனம் இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிடும். சாமி எப்படி இருக்கும் என்று அந்த வயதில் யாராவது கேட்டிருந்தால், தயங்காமல் என் மாமாவைக் காட்டியிருப்பேன்.

ஒரு வருஷம், தீபாவளி கழிந்து, வெளியூர்ப் போட்டிக்குப் போய் வழக்கம்போல் தோற்று வந்தார்கள். மாமாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. "எதுல இடிச்சுக்கிட்டே தம்பி?" என்று அம்மா கேட்டதற்கு, "ரிங்குல" என்றார். ஆட்டத்துக்கு முன்னால் யாரோ சீண்டினார்கள் என்று குதித்தாராம். விரல் நுனி தொடவேண்டிய இடத்தில் மணிக்கட்டு போய் மோதியிருக்கிறது. அந்த ஊர்ப் பையன்களும் இரண்டு மூன்று பேர் சர்வசாதாரணமாகத் தொட்டார்களாம். அன்று அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மறுவாரம் ஒரு மதியம், அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மாமா மைதானத்துக்குப் போனார். ஏணியில் ஏறி வளையத்திலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு, மரத்திலிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"நுனிய மண்ணோட அமுக்கிப் புடிச்சுக்க தாயி."

பிறகு அந்த நூலைத் தரையில் நீட்டி டேப்பை வைத்து அளந்தார். திரும்பவும் அளந்தார். "பத்தடிதான இருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அரையடி அதிகமாக இருந்த இடத்தில் விரலை வைத்தபடி வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாருகிட்டயும் சொல்லாத, என்ன?"

எனக்கும் மாமாவுக்கும் மட்டும் ஒரு ரகசியம்! தலைகால் புரியவில்லை எனக்கு. பொங்கல்வரை நான் வாயைத் திறக்கவில்லை. மாமா ஏன் அதுவரை சரியாகத் தூங்கவில்லை என்று அம்மாவுக்குத்தான் கவலை.

அந்த மாட்டுப் பொங்கலுக்கு மாமா குதித்ததுபோல் அதற்கு முன் குதித்ததில்லை. பொட்டு வைத்த கையை உடனே எடுக்காமல், வளையத்தைப் பிடித்து ஒரு கணம் தொங்கினார். ஊர் கத்திய கத்தலில் மாடுகள் மிரண்டன. கீழே இறங்கியதும், அவர் முன்பே சொல்லிவைத்திருந்த வெல்டிங் கடைக்காரர் ஏணியோடு வந்தார்.

"ரிங்கு அரையடி கூட இருக்கு. எறக்கப்போறேன்" என்றார் மாமா.

பெரியப்பாவுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "ஐயா வச்சதுடா அது!"

"ஐயா பத்தடிதான் மச்சான் வைக்கச் சொல்லியிருப்பாரு. மாட்டுனவுங்க போர்டோட அடிவிளிம்புக்குப் பத்தடி வச்சுட்டாங்க, ரிங்கு அதுக்கு மேல அரையடி ஏறிப்போச்சு. நம்ம பயலுக இங்கிட்டு பழகிட்டு அங்கிட்டு போயி எறியிறானுக, பந்து ரிங்கத் தாண்டித்தான் போகும். அய்யனாரு என்ன செய்வாரு?"

நூலைக் காட்டினார். பெரியப்பா தானே அளந்து பார்த்தார். நூலைச் சுருட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "எறக்கிட்டா ஒனக்கு என்னடா மிச்சம்?" என்றார்.

"கிளப்புக்கு ஒரு கப்பு மிஞ்சும்ல மச்சான்."

இரண்டு பக்கமும் இறக்கினார்கள். ஒரு காலேஜ் பையன் சும்மா குதித்துப் பார்த்தான். தொட்டுவிட்டான். அடுத்து இன்னொருவன், அவனுக்குப் பின்னால் இன்னொருவன். மாமாதான் முதலில் கைதட்டினார். நான் கொய்யா மரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

முதல் கோப்பை அந்தக் கோடையிலேயே வந்தது. இன்று கழகத்தின் அலமாரியில் கோப்பை வைக்க இடமில்லை. அங்கே ஆடுகிற இளவட்டங்களிடம், இந்த ஊரில் ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் வளையம் எட்டிய காலம் ஒன்று இருந்தது என்றால் நம்பமாட்டார்கள்.

வளையத்தை இறக்கிய அன்று சாயங்காலம் மாமா எங்கள் கொல்லையில் துவைகல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வளையத்தைத் தொடுவதும் கூச்சல் எழுவதுமாக இருந்தது.

"எல்லாரும் குதிக்கிறாங்க, நீங்க ஏன் மாமா போகல?"

"குதிச்சது போதும் தாயி."

கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன். உள்ளே ஓடி அம்மாவின் தைலத்தை எடுத்துவந்து, எந்தக் கால் என்று கேட்டேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கால்களையும் நீட்டினார்.

"ரெண்டுந்தான்."

சுவருக்கு அப்பால் சத்தம் ஓயும்வரை தேய்த்துவிட்டேன். "இப்பக் கொறஞ்சிருக்கா மாமா?" என்றேன். "கொறஞ்சிருச்சு தாயி" என்றார். என் வைத்தியத்தை நினைத்து எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.