கையில் இருப்பது ஆற்று மீன்

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பிள்ளைகள். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. அது எது என்று எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்தவர்களால் இன்றைக்கும் சொல்ல முடியாது. ஐந்தையும் சாந்தோம் கரையில் மீன் விற்றுத்தான் வளர்த்தேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிக்க வரும். அதற்கு மேல் எழுத்து வேலை என்றால் பேத்தியைக் கூப்பிடுவேன். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பேச்சு என்னுடையது, எழுத்துப் பிழை அவளுடையது.

என் கடைசி மகள் எடுத்த ஒரு படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டு வரி போதும் என்றாள். இரண்டு வரியில் அடங்குகிற ஆளா நான்?

அவள் கல்யாணப் போட்டோகிராபர். தி.நகரில் மண்டபம், மயிலாப்பூரில் மண்டபம் என்று முகூர்த்த நாள் ஒன்று விடாமல் ஓடுவாள். இந்த வருஷம் மயிலாப்பூரில் ஒரு சின்னக் கூடத்தில் படம் எடுக்கிற பெண்கள் சிலர் சேர்ந்து தங்கள் படங்களை மாட்டி வைக்க ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கு ஒரே படம். கல்யாணப் படம் மட்டும் கூடாது. என் மகள் வீட்டில் இருந்த பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தாள். எல்லாம் மாலையும் தாலியும். எங்கள் வீட்டுப் பூனையை எடுத்த படத்தில்கூடப் பின்னால் வாழைமரம் கட்டியிருந்தது.

"கல்யாணத்தத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சிரிப்பாளுங்கம்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் போட்டோக்காரர்களுக்கு அதுதான் லீவு. "ஸ்ரீரங்கம் போய் வரலாம்மா. ரெண்டு பக்கமும் ஆறு, நடுவுல ஊரு. ஆத்துல தண்ணி வந்துகீதாம். அங்க போனா எதுனா ஒரு படம் மாட்டும்."

"நான் பாக்காத தண்ணியாடி?" என்றேன். ஆனால் பையைக் கட்டிவிட்டேன்.

ரயிலில் உட்கார்ந்ததுமே என் சட்டத்தை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். சட்டம் இதுதான்: கேட்காமல் என்னைப் படம் எடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கரைக்குக் கேமராக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். காக்காவை எடுப்பார்கள், படகை எடுப்பார்கள், அந்தக் கையோடேயே திரும்பி என்னையும் எடுப்பார்கள். ஒரு வருஷம், நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த படம் யாரோ ஒருவர் வீட்டுக் காலண்டரில் தொங்கியது. என்னிடம் வாடிக்கையாக வஞ்சிரம் வாங்குகிற அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கேட்டிருந்தால் வாயை மூடியிருப்பேன், நல்ல சேலை கட்டியிருப்பேன். அதற்குப் பிறகு கேட்காமல் கேமராவைத் தூக்குகிறவர்களுக்கு மீன் கழுவிய தண்ணீர்தான். என் மகளும் இத்தனை வருஷத்தில் என்னைப் பட்டுச்சேலையில் மட்டும்தான் எடுத்திருக்கிறாள், அதுவும் கேட்டுவிட்டு.

ஆறு என்றால் அதுவரை எனக்கு அடையாறுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற ஒன்று. காவிரியைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு தண்ணீர், அலையே இல்லாமல், சத்தமே இல்லாமல் போகிறது. கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு இல்லை! எழுபது வயதுக்கு மேல் இதைக் கண்டுபிடித்ததற்கு என் மகள் அரை மணி நேரம் சிரித்தாள்.

அவள் பாடுதான் சிரிப்பாக இல்லை. முதல் நாள் முழுக்கச் சுற்றினோம். பரிசல்காரரையும் அவர் மனைவியையும் பார்த்தாள். எடுக்கட்டுமா என்று கேட்டாள், அவர்களும் நின்றார்கள். உடனே அவளுக்குள் இருக்கிற மண்டபம் எழுந்துகொண்டது. "அண்ணா, கொஞ்சம் கிட்ட வாங்க. அக்கா, அவர் தோள்ல கை வைங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாருங்க, சிரிங்க."

பரிசல்காரர் வெட்கத்தில் நெளிந்தார். "முப்பது வருஷமா பாத்துட்டேங்க, இதுக்கு மேல என்னத்தப் பாக்கறது?" என்றார்.

"பாக்கச் சொன்னா பாக்க வேண்டியதுதானே" என்று அந்த அம்மா அவர் தோளில் ஒரு குத்து விட்டார்.

படத்தைக் காட்டினாள். பரிசலில் ரிசப்ஷன் நடந்ததுபோல இருந்தது. அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் அப்படித்தான். கரையில் நின்ற இரண்டு கொக்குகளைக்கூட எப்படியோ மாப்பிள்ளையும் பெண்ணுமாக நிற்க வைத்துவிட்டாள். சாயங்காலம் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "விடும்மா. படமே குடுக்கல, வரலைன்னு சொல்லிடறேன்." என் பிள்ளை எங்கேயும் வரலை என்று சொல்கிறவள் இல்லை.

மறுநாள் காலை கரையோரமாக நடந்தோம். அங்கே ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், பிளாஸ்டிக் டப்பில் மீன் வைத்துக்கொண்டு அப்போதுதான் கடை விரித்திருந்தாள். மீனைப் பார்த்தால் என் கால் நிற்குமா? குனிந்தேன். கறுப்பாக, நீளமாக, உருண்டையாக ஒரு விரால். எங்கள் கரையில் மீன் பார்க்கிற முறை ஒன்று உண்டு. கட்டைவிரலைச் செவுளுக்குள் விட்டுத் தூக்கிப் பார்ப்போம். சிவப்பாக இருந்தால் புதுசு. அந்தப் பழக்கத்தில் விரலை விட்டேன்.

அது உயிரோடு இருந்தது.

எங்களிடம் வருகிற மீன் படகிலேயே உயிர் அடங்கியிருக்கும். கூடையில் இருப்பது துள்ளும் என்று என் விரலுக்குத் தெரியாது. விரால் ஒரு சுற்றுச் சுழன்று என் மணிக்கட்டில் வாலால் அறைந்துவிட்டு, ஈர மணலில் பாம்புபோல வளைந்து வளைந்து ஓடியது. நானும் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நான் போய் நின்றபோது அது காவிரியில் எங்கேயோ இருந்தது.

"என்னம்மா இப்புடிப் பண்ணிட்டீங்க!" என்றாள் அந்தப் பெண்.

"அதுக்கு இன்னா காசோ வாங்கிக்கம்மா" என்று சுருக்குப்பையை எடுத்தேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் போணியே ஆவல. ஓடிப்போன மீனுக்கு முதக் காசு வாங்கினா இன்னைக்கு எல்லா மீனும் ஓடிடும். வேணாம், நீங்க போங்க."

நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். போணிக் காசு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாதா? அதற்காக ஒருத்தியின் மீனை ஓட விட்டுவிட்டு அப்படியே நடந்துபோகவும் என்னால் முடியாது. "தள்ளிக்க" என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கெண்டையை, இந்தத் தடவை இறுக்கிப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கினேன்.

"வா நைனா, வா! ஐஸு மீன் இல்ல, உசுரோட கீது! வந்து பாரு, துட்டு அப்பால குடு! யம்மோவ், பாத்துக்கினே போறியே, ஊட்ல கொழம்பு வேணாமா?"

கரையே திரும்பியது. ஸ்கூட்டரில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். "எந்த ஊரும்மா?"

"மெட்ராஸ்."

"மெட்ராஸ்லேருந்து ரயிலேறி இங்க மீன் விக்க வந்தீங்களா?"

"கடல்ல வித்து முடிச்சாச்சு. ஆறுதான் பாக்கி."

அவர் சிரித்துக்கொண்டே கெண்டையை வாங்கினார். போணி ஆயிற்று. அந்தப் பெண் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கூட்டம்தான். வெயில் ஏறுவதற்குள் டப் காலி. என் தொண்டையும் காலி. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சந்தோஷம்.

மதியம் லாட்ஜில் என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேமராவை என் மடியில் வைத்தாள். "அம்மா, கேக்காம எடுத்துட்டேன். யாருக்கும் காட்டல. இந்தப் பட்டனை அமுக்கினா அழிஞ்சிடும். நீயே அமுக்கிடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் சட்டத்தை என் வயிற்றில் பிறந்தவளே மீறுவதா? விரலைப் பட்டனில் வைத்துவிட்டுத்தான் படத்தைப் பார்த்தேன். முழங்கால் வரை ஈரச் சேலை. கையில் மீன். வாய் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை திறந்திருக்கிறது. ஸ்கூட்டர்காரர் பின்னால் சாய்ந்து சிரிக்கிறார், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். யாரும் யாரையும் பார்க்கச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

காலண்டரிலும் வாய் திறந்துதான் இருந்தது. அது கொட்டாவி. இது வேலை செய்கிற வாய். ஐந்து பேருக்குச் சோறு போட்ட வாய். அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. நம் வாயை நாம் எப்படிப் பார்ப்பது?

"இதான் குடுக்கப் போறியா?"

"நீ சொன்னாதான். இல்லன்னா ஒண்ணும் குடுக்கல."

"இப்ப கேளு" என்றேன்.

"இன்னா?"

"எடுக்கும்போது கேக்கல இல்ல? இப்ப கேளு. ஒழுங்கா கேளு."

என் மகள் எழுந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "அம்மா, உன் படத்தை மாட்டட்டுமா?"

"அந்தப் பொண்ணைக் கேட்டியா?"

கேட்கவில்லை. வெயிலோடு வெயிலாக மகளை அழைத்துக்கொண்டு மறுபடி கரைக்கு நடந்தேன். அந்தப் பெண் டப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா தலையாச்சும் சீவியிருப்பேன்ல" என்றாள். பிறகு, பெரிசாக ஒரு பிரிண்ட் போட்டு அனுப்பினால் சரி என்றாள். ஸ்கூட்டர்காரர் கிடைக்கவில்லை. அதனால் அவர் முகம் தெரியாமல் இருட்டாக்கிவிடச் சொன்னேன். பின்னால் சாய்ந்து சிரிக்கிறார் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

பிறகு என் சம்மதத்தைச் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு. பக்கத்தில் ஒட்டுகிற எழுத்து நான் சொல்வதாக இருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் படத்தில் ஒரு குறை இருக்கிறது. பிறந்ததிலிருந்து கடல் மீனைத் தவிர வேறு மீனைத் தொடாதவள் நான். எனக்கென்று ஒரு நல்ல படம் வந்தால், அதில் கையில் கெண்டை! எங்கள் கரை ஆட்கள் மயிலாப்பூருக்கு வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஆகவே எல்லோருக்கும் தெரிவிப்பது: படத்தில் இருப்பது சாந்தோம் கரைக்காரி. கையில் இருப்பது ஆற்று மீன். அது அவளுடையது இல்லை. ஓடிப்போன ஒன்றுக்குப் பதிலாக விற்றுக் கொடுத்தது. கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே மாட்டியிருக்கிறார்கள்.

அவ்வளவுதான். எங்கே, பேனாவை வைத்துவிட்டு முதலிலிருந்து படி பார்க்கலாம். "இன்னாடி சிரிக்கிற? நிதானமா படி. அந்த விரால் ஓடின இடத்தை முழுங்கிடாத, ஆயா கேட்டுக்கினுதான் இருப்பேன்."