லோதி தோட்டத்துக்குப் போய் வந்த வாரம்

டெல்லி துவாரகாவில் ஒரு சிறிய நர்சரிப் பள்ளியில் ருக்மிணி டீச்சராக இருந்தாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்பா லோதி ரோட்டில் மத்திய அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, அண்ணன் கனடாவிலேயே தங்கிவிட, அவள் பள்ளிக்குப் பக்கமாக ஓர் ஒற்றை அறைக்குக் குடிவந்தாள். சாயங்காலம் கதவைச் சாத்தினால், மறுநாள் காலை பால்காரரிடம் பேசுவதுதான் அடுத்த பேச்சு.

டெல்லிக் குளிரில் பிள்ளைகளைச் சமாளிப்பது சுலபமல்ல. ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, கையை மடக்க முடியாமல் உருண்டை உருண்டையாக வந்து இறங்குவார்கள். டிசம்பர் வந்தால் பஞ்சில் பனிமனிதன் செய்யச் சொல்வார் பிரின்சிபால் மாலா மேடம். பனியே விழாத ஊரில் அது எதற்கு என்று ருக்மிணிக்குத் தோன்றும். செய்யவும் செய்வாள். அதோடு விடமாட்டாள். வேர்க்கடலைத் தோட்டில் கண் வரைந்து, விரல் நுனியில் மாட்டிப் பேச வைப்பாள். மூடுபனி நாட்களில் பிள்ளைகளை ஜன்னலருகே நிறுத்தி, கண்ணாடியில் ஊதி, ஆவி படிந்த இடத்தில் விரலால் வரையச் சொல்வாள். அதற்காகவே சிலர் அடம்பிடிக்காமல் பள்ளிக்குக் கிளம்பினார்கள்.

அந்த வருடம் லோதி தோட்டத்துக்குப் போவதாகத் திட்டம். புகையும் பனியுமாகத் தள்ளிக்கொண்டே போய், ஒரு வெள்ளிக்கிழமைதான் வெயில் வந்தது. புல்லில் வெள்ளைத் தாளை விரித்து, அதில் விழுந்த கிளை நிழலை க்ரேயானால் வரைந்தார்கள். வரைந்து முடிப்பதற்குள் நிழல் நகர்ந்துவிட்டதென்று அபூர்வா என்ற குழந்தை அழுதாள். நகர்ந்த இடத்தில் இன்னொரு நிறத்தால் வரையலாம் என்று ருக்மிணி சொன்னதும் அழுகை நின்றது.

திரும்பி வந்தபின் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். அபூர்வாவின் அப்பா செந்தில்குமார் மட்டும் வரவில்லை. விமான நிலையத்தில் வேலை. காலைப் பனியில் விமானங்கள் தாமதமாகி, அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். அம்மா அகல்யாவுக்கு ஆபீஸ் தொலைவில், குருகிராமில். பள்ளி வாசல்படி வெயிலில் ருக்மிணி உட்கார்ந்தாள். அபூர்வா அவள் மடியில் தூங்கிப்போனாள். கால் மரத்தது. ருக்மிணி அசையவில்லை.

ஓடி வந்த செந்தில்குமார் இந்தியில் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் தமிழர்கள் என்று ருக்மிணிக்குத் தெரியும். அதைப் பேசிக்கொள்ளச் சந்தர்ப்பம் வந்ததில்லை. பரவாயில்லை என்று தமிழில் சொன்னாள். அவர் அசந்துபோனார்.

"இத்தன நாளா தெரியாமப் போச்சுங்களே. ஞாயித்துக்கெழம எங்கூட்டுக்குச் சாப்பிட வாங்க மிஸ். அட்ரஸ் அனுப்பறேன்."

நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தக் குளிரிலும் தலைக்குக் குளித்தாள். நல்ல புடவை கட்டினாள். ரவா கேசரி கிளறி டப்பாவில் எடுத்து வைத்தாள். போனில் ஒன்றும் வரவில்லை. சத்தம் குறைந்திருக்கிறதோ என்று பார்த்தாள். கேட்டால் சொல்லியிருப்பார்கள்தான். ஆனால் எங்கே வரவேண்டும் என்று தானாகக் கேட்க வாய் வரவில்லை. மதியம் கடந்ததும் நின்றபடியே டப்பாவிலிருந்து கேசரியைத் தின்றாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டாள்.

திங்களன்று குழந்தையை விட அகல்யாவே வந்தாள். முகம் வாடியிருந்தது. செந்தில்குமார் முகவரியை அனுப்பியிருப்பார் என்று இவளும், இவள் அனுப்பியிருப்பாள் என்று அவரும் இருந்துவிட்டார்களாம்.

"காத்துட்டு இருந்தீங்களா மிஸ்?"

"இல்லங்க. எங்க வீட்டுக்கு ஆளுங்க வந்துட்டாங்க."

அகல்யாவின் முகம் தெளிந்தது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி மெட்ரோவுக்கு விரைந்தாள். யார் வந்தார்கள் என்று அபூர்வா இந்தியில் கேட்டாள். உன்னைப் போல ஒரு பாப்பா என்றாள் ருக்மிணி. அவள் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. ருக்மிணிக்குச் சட்டென்று ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

அந்த வாரமே குளிர்கால விடுமுறை தொடங்கியது. வெயில் எட்டிப்பார்க்காத நாட்களாகப் போயின. ஒரு காலை, தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அகல்யாவை அழைத்தாள்.

"அன்னிக்கு எங்க வீட்டுக்கு யாரும் வரலங்க. நான் கெளம்பி உக்காந்திருந்தேன்."

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் தள்ளிப் போய், ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நாங்க கோயமுத்தூருக்கு வந்திருக்கறமுங்க மிஸ்," என்றாள் அகல்யா மெதுவாக. "திரும்பி வந்ததும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். மறக்கமாட்டேன்."

சரி என்றாள் ருக்மிணி. போனை வைத்தபின், ஆறிப்போன தேநீரைச் சூடு பண்ண எழுந்து போனாள்.